மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா? மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினெட்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். முதல் ஏழு வருடம் மேலூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பால்வாடி. அதற்குப் பிறகு மதுரைக்குள் ஒரு சிறிய மழலையர் பள்ளி. ஏப்ரல், மே வந்தால் வாசலில் பெற்றோர் விசாரிக்க வந்து நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்கள் கேள்வி எதுவோ அங்கே போய்ப் படியுங்கள்.

மூன்று வயதுதானே ஆகிறது. ஐந்து வயதில் நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் போதாதா? நாங்கள் எல்லாம் அப்படித்தானே படித்தோம்?

நீங்கள் வளர்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் பாட்டி இருந்தார். பெரியப்பா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று தெருவில் பத்துப் பேர். பல்லாங்குழியில் முத்து எண்ணினீர்கள். கண்ணாமூச்சியில் உங்கள் முறை வரும்வரை காத்திருக்கப் பழகினீர்கள். சண்டை போட்டுவிட்டு மறுபடி சேர்ந்தீர்கள். முன்பருவக் கல்வியில் பாதி அங்கேயே நடந்துவிட்டது, அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பதுதான் யாருக்கும் தெரியாது. இன்று ஆனையூரிலோ வில்லாபுரத்திலோ மாடி வீட்டில் ஒரே பிள்ளை, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பத்துப் பேருக்கு எங்கே போவது?

இந்த வயதுக்கு ஒரு வேகமும் உண்டு. ஆறு வயதுக்குள் பிள்ளையின் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் நரம்புகளுக்கு இடையே இணைப்பாகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்பு உறுதிப்படும், பயன்படாதது உதிர்ந்துபோகும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல முன்பருவப் பள்ளி கிடைத்தது. ஆசிரியர் வாரம் ஒரு முறை வீட்டுக்கும் போய் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். இன்னொரு பிரிவினருக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு பிரிவினரையும் நாற்பது வயது வரை விடாமல் பார்த்து வந்தார்கள். பள்ளிக்குப் போனவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் முதலில் ஏறியது, சில வருடங்களில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. ஆனால் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்தவர்களும், பெரியவர்களானபின் வேலையில் இருந்தவர்களும் அந்தப் பிரிவில்தான் அதிகம். எடுத்த வேலையை முடிப்பது, அடுத்தவரோடு ஒத்துப்போவது, டீச்சரிடம் தயங்காமல் கேட்பது போன்ற பழக்கங்கள்தான் அவர்களுக்குக் கடைசிவரை கைகொடுத்தன என்று நான் புரிந்துகொள்கிறேன். எல்கேஜியில் எத்தனை பக்கம் எழுத வைப்பீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

எப்போது எட்டிப் பார்த்தாலும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்களே, படிப்பு எப்போது?

அதுதான் படிப்பு என்று சொன்னால் சமாளிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் முற்றத்தில் ஒரு மணல் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு பழைய படி, ஒரு உழக்கு, நாலைந்து கொட்டாங்குச்சி. உழக்கால் அள்ளி அள்ளிப் படியை நிரப்பும் பிள்ளை, நான்கு உழக்கில் படி நிறைகிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. மறுநாள் வந்து இன்னொரு பிள்ளைக்கு அதைக் காட்டுகிறது. நான்காம் வகுப்பில் பின்னம் என்று வரும்போது, காலுக்குக் கால் எப்படி முழுசாகிறது என்பது அதன் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தண்ணீர் விளையாட்டும் அப்படித்தான். ஜிகர்தண்டா கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி நெட்டைக் கண்ணாடி டம்ளர் ஒன்று, வாய் அகன்ற கிண்ணம் ஒன்று. கிண்ணத்துத் தண்ணீரை அவர்கள் கண் முன்னாலேயே டம்ளரில் ஊற்றிவிட்டு, “இப்போ தண்ணி கூடிருச்சா, குறைஞ்சிருச்சா, அப்படியேதான் இருக்கா?” என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை கூடிவிட்டது என்றுதான் சொல்லும். சுவிட்சர்லாந்தின் பியாஜே என்ற உளவியலாளர் இதை வைத்தே குழந்தைகளின் சிந்தனையைப் பற்றி நிறைய எழுதினார். சுமார் ஏழு வயதுவரை பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள். “தப்பு” என்று திருத்தினால் அந்த நேரத்துக்குத் தலையாட்டும், அவ்வளவுதான். நூறு முறை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்த பிள்ளை ஒரு நாள் தானாகவே “அதே தண்ணிதானே டீச்சர்!” என்று சொல்லும். அந்த நாளுக்காக நான் தரை ஈரமாவதைப் பொறுத்துக்கொள்வேன்.

அப்புறம், சித்திரைத் திருவிழா முடிந்து ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரு விளையாட்டு தானாகத் தொடங்கும். அழகர் ஆற்றில் இறங்குவார். ஒருவன் குதிரை, ஒருத்தி அழகர், இரண்டு பேர் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், பாய்தான் வைகை. போன வருடம் அழகருக்கு என்ன கலர் பட்டு என்பதில் பெரிய வாக்குவாதம். பச்சை என்று ஒரு கட்சி, சிவப்பு என்று இன்னொரு கட்சி. கடைசியில் இன்றைக்குப் பச்சை, நாளைக்குச் சிவப்பு என்று அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். இதில் என்னென்ன நடக்கிறது என்று கவனியுங்கள். யார் என்ன வேஷம் என்று திட்டம் போட வேண்டும். தன் வேஷத்தை மறக்காமல் இருக்க வேண்டும். குதிரையாக இருப்பவன் நடுவில் எழுந்து ஓட ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். மற்ற நேரத்தில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பையன், குதிரை என்றால் அழகர் இறங்கும்வரை அசையாமல் நிற்பான். விளையாட்டில் பிள்ளை தன் வயதுக்கு மேலே ஒரு படி ஏறி நிற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதை நான் பாய் வைகையின் கரையில்தான் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

விளையாட விட்டுவிட்டு நாங்கள் சும்மா இருக்கிறோம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்தப் பொருளை எப்போது தொட்டியில் போடுவது, எந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பது, எங்கே வாயை மூடிக்கொண்டு தள்ளி நிற்பது என்பதுதான் எங்கள் வேலை. கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட இது கஷ்டம்.

எப்போது எழுத வைப்பீர்கள்? பக்கத்து வீட்டுப் பையன் எல்கேஜியிலேயே நோட்டில் எழுதுகிறான்.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு வர வருடங்கள் ஆகும், கடைசி எலும்பு உருவாக எட்டு வயதுக்கு மேலாகும். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து இரண்டு வரி நோட்டின் கோட்டுக்குள் ‘அ’ போடச் சொன்னால், அது விரலால் எழுதாது, தோளால் எழுதும். கை வலிக்கும். எழுத்து என்றால் வலி என்று அதன் மனதில் பதிந்துவிடும்.

எழுதுவதற்கு முன்னால் கை தயாராக வேண்டும். களிமண் பிசைவது, பட்டாணி உரிப்பது, புளியங்கொட்டையைக் குழியில் போடுவது, சட்டைப் பொத்தான் மாட்டுவது எல்லாம் கையைத் தயார் செய்யும் வேலைகள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பூக்கட்டும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், இரண்டு மல்லி மொட்டைக் காம்போடு காம்பு சேர்த்து வைத்து அம்மாவிடம் எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள், பென்சில் பிடிக்கும்போது கொஞ்சமும் தடுமாறுவதில்லை. பிறகு மணலில் விரலால் கோடு, வட்டம், வளைவு. அப்புறம் சுவரில் பெரிய கரும்பலகை, சுண்ணாம்புக் கட்டி. பென்சிலும் நோட்டும் கடைசியில்தான். முதல் எழுத்தும் ‘அ’வாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சுழியும் வளைவும் உள்ள ‘அ’ கைக்குக் கடினம். ‘ட’, ‘ப’ எளிது, இரண்டு மூன்று கோடுதான். அந்த இரண்டும் வந்ததும் பிள்ளை ‘படம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், இடது கையில் சிலேட்டுக் குச்சி பிடித்த ஒரு பையனை வலது கைக்கு மாற்றினேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் அவன் சிலேட்டைக் கண்டாலே மூலையில் போய் உட்கார ஆரம்பித்தான். படம் போடுவதையும் நிறுத்திவிட்டான். மறுபடி இடது கையிலேயே விட்டபோது பழைய சிரிப்பு திரும்ப வந்தது, ஆனால் நான் வீணாக்கிய இரண்டு மாதம் திரும்ப வரவில்லை. உங்கள் பிள்ளை இடது கைக்காரர் என்றால் அப்படியே விடுங்கள்.

என் மகள் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கிறாள். போதாதா?

நல்ல ஞாபகசக்தி, சந்தோஷம். இப்போது அவள் முன்னால் எட்டுப் புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று தொட்டு எண்ணுகிறாளா? எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் உடனே எட்டு என்கிறாளா, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாளா? கொட்டைகளைக் கலைத்துவிட்டுக் கேட்டால் அதே எட்டுதான் என்று தெரிகிறதா? ஒப்பிப்பது பாட்டு மாதிரி, எண்ணுவது வேறு.

தமிழில் எண்ணச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். பதினொன்று, பதிமூன்று, இருபத்து ஒன்று என்று சொல்லும்போது உள்ளே பத்து இருப்பது காதில் விழுகிறது. லெவன், டுவெல்வ் என்பதில் அது ஒளிந்துகொள்கிறது. தொண்ணூறு மட்டும் கொஞ்சம் குழப்பும், அது போகப்போகப் பழகிவிடும்.

வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறோம். வெளியே தமிழ். பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிடாதா?

மஹால் பக்கத்திலிருந்து வரும் பெற்றோர் இதை அதிகம் கேட்கிறார்கள், தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்தும் கேட்கிறார்கள். குழம்பாது. சில மாதம் இரண்டு மொழியையும் கலந்து பேசும், பிறகு யாரிடம் எது என்று தானே பிரித்துக்கொள்ளும். தப்பு நடப்பது வேறு இடத்தில். பள்ளியில் ஆங்கிலம் வர வேண்டும் என்று, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் வீட்டிலும் பேச ஆரம்பிக்கிறார்கள். “கம் ஹியர், சிட் டவுன், ஈட்” என்று பேச்சு கட்டளையாகச் சுருங்கிவிடுகிறது. அம்மா தன் மொழியில் பேசினால் கதை வரும், கிண்டல் வரும், “ஏன்னா”, “அப்படின்னா” எல்லாம் வரும். பிள்ளைக்கு வேண்டியது அந்த நீளமான பேச்சுதான். ஒரு மொழியில் ‘ஏன்’ என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அடுத்த மொழியில் அதற்கான சொல் மட்டும் தெரிந்தால் போதும். அதனால் சௌராஷ்டிராவை வீட்டில் விட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட்டாகவும் விளையாட்டாகவும் நாங்களும் சொல்லித் தருகிறோம். தாய்மொழியின் இடத்தில் அதைக் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள்.

பால்வாடியா, தனியார் எல்கேஜியா?

இரண்டிலும் வேலை பார்த்தவள் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அரசுப் பெயர் அங்கன்வாடி, நம் ஊரில் இன்னும் பால்வாடிதான். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, அது சோதனையாக முதலில் காலடி வைத்தது நம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். மாதாமாதம் பிள்ளைகளை எடை பார்த்து, எடை ஏறாதவர்களைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். மேலூர் பக்கம் வயதான அம்மாக்கள் அந்தத் தராசை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பால்வாடிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள்.

அதனால் பால்வாடியில் படிப்பும் சாப்பாடும் ஒன்றாகவே வளர்ந்தன. இன்றும் அங்கே சூடான கலவை சாதம், முட்டை, சிறு குழந்தைகளுக்குச் சத்துமாவு, வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ சொட்டு மருந்து. இதைக் கல்விக்கு வெளியே வைத்துப் பார்க்காதீர்கள். ரத்தசோகை உள்ள பிள்ளை கதை கேட்க உட்காரும், பாதியில் கண் சொருகிவிடும். பாடத்துக்கும் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இருக்கிறது. பாட்டு, கதை, செய்கை என்று நன்றாகவே யோசித்துச் செய்யப்பட்டது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜியும் தொடங்கினார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. ஒரே டீச்சர் எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், போனில் பதிவு ஏற்ற வேண்டும், அதற்கு நடுவில் பிள்ளைகளோடு பாட வேண்டும். நான் அங்கே இருந்த காலத்தில் பதிவேடு பிள்ளைகளின் நேரத்தைத் தின்றது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தனியாரில் கட்டடம் நன்றாக இருக்கும், ஆங்கிலம் இருக்கும். கூடவே மூன்று வயதில் வீட்டுப்பாடமும் இருக்கும். என் கருத்து இது: உங்கள் தெருப் பால்வாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற டீச்சர் ஒருவர் இருந்தால், கடன் வாங்கித் தனியாருக்குப் போகாதீர்கள். தனியார்தான் என்று முடிவு செய்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தெரிந்திருக்கட்டும். அரசு உதவி பெறாத, சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் இடங்களில் 25 சதவீதம் நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும் உரியது. அந்தப் பள்ளியில் எல்கேஜி இருந்தால் எல்கேஜியிலிருந்தே அது பொருந்தும்.

எந்த வயதில் சேர்ப்பது?

மூன்று முடிந்ததும். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு, அதிலிருந்து பின்னால் எண்ணிக்கொள்ளுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. ஒரு வருடம் முந்திச் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை மாற்றாதீர்கள். வகுப்பிலேயே சின்னவளாக அவள் பல வருடம் தடுமாறுவாள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஏசியையும் கேமராவையும் பிறகு பார்க்கலாம். முதலில் கழிப்பறைக்குப் போங்கள். பிள்ளையின் உயரத்துக்குத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா? அப்புறம் வகுப்பு வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். டீச்சர் குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா? பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்கிறதா, டீச்சர் சத்தம் மட்டும்தானா? பொருட்கள் பிள்ளைக்கு எட்டும்படி இருக்கின்றனவா, கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கின்றனவா? சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். முப்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி மயில் வரைந்திருந்தால் அது டீச்சர் வரைந்த மயில்.

ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். போன வருட டீச்சர்கள் இந்த வருடமும் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மூன்று வயதுக்காரருக்கு டீச்சர் மாறுவது வீடு மாறுவது மாதிரி. சேர்க்கைக்குப் பிள்ளைக்குத் தேர்வு வைக்கிறார்கள் என்றால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

“மாண்டிசோரி” என்று போர்டு போட்டிருக்கிறார்கள். நல்ல பள்ளி என்று நம்பலாமா?

போர்டை யார் வேண்டுமானாலும் போடலாம், அந்தப் பெயரைக் காக்கும் தனி உரிமம் எதுவும் இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையில் நம் பக்கத்துக்கும் இடம் உண்டு. இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் வந்ததும் இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டம்தான், 1985-ல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. மலையின் செடி கொடிகளையும் பூச்சிகளையும் வைத்தே அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது.

உண்மையான மாண்டிசோரி வகுப்பில் மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். தன் வேலையைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும், பாயை விரித்துச் செய்து முடித்து, எடுத்த இடத்திலேயே பொருளை வைக்கும். நடுவில் மணி அடித்துக் கலைக்க மாட்டார்கள். போர்டில் மாண்டிசோரி, உள்ளே வரிசைப் பெஞ்சு, கையில் நோட்டு என்றால் அது வேறு ஏதோ ஒன்று.

தினமும் வாசலில் அழுகிறாள். நிறுத்திவிடலாமா?

முதல் இரண்டு மூன்று வாரம் அழுவது இயல்பு. சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். “சாப்பிட்டு முடித்ததும் அம்மா வருவேன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வாருங்கள். நான்கைந்து நாள் சொன்னபடி நடந்தால் பிள்ளை உங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பழைய துப்பட்டா ஒன்றைப் பையில் வைத்துவிடுங்கள், அந்த வாசனையே தேற்றும். ஒரு மாதம் தாண்டியும், பள்ளிக்குள் போனபிறகும் அழுகை தொடர்ந்தால் டீச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரி திடுக்கிட்டு எழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது என்று இருந்தால் அவள் உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறாள்.

போன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. ஓடியாட மூன்று மணி நேரம். தூக்கம், மூன்று நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம்.

போனில் தப்பு என்னவென்றால் அது பதில் சொல்லாது. பிள்ளை “அங்க பாரு மாடு” என்றால் நீங்கள் “ஆமா, எவ்வளவு பெரிய கொம்பு! எங்க போகுது?” என்பீர்கள். பிள்ளை மறுபடி ஏதாவது சொல்லும். இந்தப் போக்குவரத்தில்தான் பேச்சு வளர்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் போனை அலமாரியில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று நாள் ரகளையாக இருக்கும். பசி நான்காவது நாள் உங்கள் பக்கம் நிற்கும்.

இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார்களே?

இந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்து நாள் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வயதில் “பால் வேணும்”, “அப்பா வா” என்று இரண்டு சொல் சேராவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், விரலால் சுட்டிக்காட்டாவிட்டால், பேசிக்கொண்டிருந்தது நின்றுபோனால் உடனே காட்டுங்கள். முதலில் காது. பேச்சு வராத சில பிள்ளைகளுக்குக் கேட்பதே இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை வர வேண்டும், டீச்சரிடம் தேதி கேட்டு வையுங்கள். அதுவரை பொறுக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கே நேராகவும் போகலாம்.

கண்ணையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணில் பார்வை குறைந்தால் மூளை மறு கண்ணையே நம்பப் பழகிவிடும். சின்ன வயதில் கண்டுபிடித்தால் கண்ணாடி, கண் மறைப்பு என்று சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு, வயது ஏற ஏறக் கடினம். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கும்போது, பள்ளியில் சேர்க்குமுன் ஒரு முறை காட்டுவதில் என்ன தயக்கம்?

சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீங்களாவது இரண்டு அடி போட்டு வளர்த்துவிடுங்கள்.

மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலளவிலும் மனதளவிலும் பிள்ளைகளைத் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று யாராவது சொன்னால், ஆறுக்குக் கீழே இருப்பவருக்கு எலும்பு இன்னும் மெல்லியது என்றுதான் பதில் சொல்வேன். கோபத்தை அடக்கும் மூளைப் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது, மூன்று வயதில் அது வேலைக்கே வரவில்லை. அடம் பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்குக் கோபமா இருக்கு, அந்த வண்டி வேணும்னு” என்று அவன் கோபத்துக்கு வார்த்தை கொடுங்கள். வார்த்தை கிடைத்த பிள்ளைக்குக் கடிக்க வேண்டிய அவசியம் குறைகிறது.

இரண்டு பேருமே காலையில் போனால் ராத்திரிதான் வருகிறோம். வீட்டில் சொல்லித்தர நேரமே இல்லை.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். செய்கிற வேலையிலேயே பிள்ளையை இழுத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தைப் பெரியது, சிறியது என்று பிரிக்கச் சொல்லுங்கள். தட்டு எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கும்போது ஒரு கதை, புத்தகம் இல்லாவிட்டால் நீங்கள் சின்ன வயதில் விழுந்து அடிபட்ட கதையே போதும். அதையே முப்பது நாள் கேட்கும். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் உடனே திருத்தும்.

பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களிடம் விடுகதை கேட்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைத்தால், 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. செலவில்லாமல் புத்தகத்தைப் புரட்டலாம். இல்லை, மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை போதும். கொலுவுக்கு முன்னால் விளாச்சேரிக்குக் கூட்டிப்போய் மண் எப்படிப் பொம்மையாகிறது என்று காட்டினால், ஒரு மாதத்துக்கு வீட்டில் அதே பேச்சாக இருக்கும்.

ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

செருப்பைத் தானே மாட்ட, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல, தானே சாப்பிட. ஒரு கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டுத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல. பத்துப் பொருளைத் தொட்டு எண்ண. தன் பெயரை எழுத்துகளுக்கு நடுவில் அடையாளம் காண. இரண்டு சொல்லில் ஒரே ஓசை வந்தால் கண்டுபிடிக்க, பட்டம், வட்டம் மாதிரி. வாசிப்பையும் எழுத்தையும் பள்ளி பார்த்துக்கொள்ளும். அரசுப் பள்ளிகளில் 2022-ல் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அதற்காகவே வந்தது. காலை உணவும் உண்டு. அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு பிள்ளையை அனுப்பும் அவசரம் உங்களுக்கு இனி வேண்டாம்.

ஜூனில் சேர்க்க முடியவில்லை. விஜயதசமி அன்று கூட்டி வரலாமா?

தாராளமாக. தாம்பாளத்தில் நெல் பரப்பி வைத்திருப்போம். பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தைப் போடுங்கள். நெல்லின் சொரசொரப்பில் எழுதிப் பழகுவது பென்சிலைவிட நல்ல தொடக்கம் என்று மேலே எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ் நகலும் தடுப்பூசி அட்டையும் எடுத்து வாருங்கள். புது நோட்டு, பென்சில் வாங்க வேண்டாம். மணல் தொட்டியும் தண்ணீரும் அன்றைக்கும் திறந்துதான் இருக்கும், அதனால் பட்டுப்பாவாடையோடு ஒரு மாற்றுத் துணியும் பையில் இருக்கட்டும்.